தட்டும் ஓசையைக் கேட்ட காது: ஹ்விடோவ்ரேயில் ஒரு பெற்றோல் பம்பின் கதை

கோப்பன்ஹேகன் நகரின் தென்மேற்கே அமைந்திருக்கும் ஹ்விடோவ்ரே நகரசபைப் பகுதியில், கடலிடமிருந்து மீட்ட நிலத்தில் பரந்து கிடக்கிறது அவடோரே ஹோல்ம தொழிற்பேட்டை. பெரிய மின்நிலையத்தின் புகைபோக்கி எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். சனிக்கிழமைகளில் கொள்கலன் வண்டிகளின் இரைச்சல் ஓய்ந்துவிட, வாடகைக்கு எடுத்த சிறு கராஜ்களின் கதவுகள் ஒவ்வொன்றாக மேலெழும். அத்தகைய ஒரு கராஜிற்குள் அண்மையில் நாம் சென்றிருந்தபோது, நம்மவர் இருவர் ஒரு நிஸ்ஸான் 200 எஸ்எக்ஸ் காரின் பின்பெட்டிக்குள் தலையை விட்டபடி நின்றனர். ஒருவர் இந்நாட்டிலே பிறந்து மின்னிணைப்புத் தொழில் கற்ற இளைஞர். மற்றவர் அவருடைய தந்தையார். யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்து, 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின் பின் நாடு நீங்கியவர். பெயர்களை வெளியிட வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டனர்.

அவர்கள் மாற்றிக்கொண்டிருந்தது ஒரு பெற்றோல் பம்பு. உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள். அதன் பொருட்டு இவ்வீட்டில் ஒரு முழு எஞ்சின் அழிந்தது. ஓராண்டுச் சேமிப்பு கரைந்தது. தந்தையும் மகனும் சில மாதங்கள் சரியாக முகங்கொடுத்துப் பேசாதிருந்தனர்.

டென்மார்க்கில் கார் என்பது எளிதில் வாய்க்கும் பொருளன்று என்பதை வாசகர்கள் அறிவர். பதிவு வரியின் மேல் வீதம் நெடுங்காலம் 180 ஆக இருந்தது. 2015ஆம் ஆண்டின் இறுதியில்தான் அது 150 ஆகக் குறைந்தது. ஆகவே வேகக் காரில் ஆசை கொண்ட இளைஞர் புதியதை நாடுவதில்லை. இருபது, முப்பது ஆண்டு பழையதொன்றை வாங்கித் தம் கையால் மெருகேற்றுவர். இவ்விளைஞர் வாங்கிய வகை 1994இல் ஐரோப்பாவுக்கு வந்தது. நான்கு சிலிண்டர், 1998 கன சென்ரிமீற்றர், ரேர்போ பூட்டியது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 200 குதிரைவலு கொண்டது. அவருக்கு அது போதவில்லை. முந்நூறு வேண்டும் என்றார்.

ரேர்போ என்பது எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள இன்னொரு சுழலியால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி. சுவிஸ் நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். பெற்றோல் எஞ்சின் சமநிலையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ரேர்போ முழு வலுவில் அமுக்கும்போது இதனைவிடத் தாராளமாக, ஏறத்தாழ பன்னிரண்டு பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவில், பெற்றோலை ஊட்டுவர். மிகையான பெற்றோல் ஆவியாகும்போது சிலிண்டரின் வெப்பத்தை உறிஞ்சிக் குளிரூட்டுகிறது. எனவே பெற்றோல் இங்கே உணவு மட்டுமன்று, தண்ணீருமாகும்.

கரடுமுரடான கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். இவ்வகை எஞ்சின் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்குக் கால் கிலோ பெற்றோலாவது குடிக்கும். இருநூறு குதிரைவலுவுக்கு 50 கிலோ. அதாவது 67 லீற்றர் வரை. முந்நூறுக்கு 75 கிலோ, லீற்றரில் நூறு. எவரும் ஒரு மணி நேரம் முழு வலுவில் ஓட்டப் போவதில்லை. ஆனால் ஓட்டும் அந்தப் பத்து விநாடிக்கும் பம்பு அதே வேகத்தில் ஊட்டியாக வேண்டும். இதற்கு மேல் இன்னொரு சிக்கல் உண்டு. பெற்றோலைச் சிலிண்டருக்கு விசிறும் இன்ஜெக்ரர்களுக்குச் சாதாரண வேளையில் மூன்று பார் அழுத்தம் போதுமெனில், ரேர்போ ஒரு பார் அமுக்கும்போது நான்கு பார் வேண்டும். இல்லையேல் உள்ளிருந்து எதிர்க்கும் காற்றை வென்று பெற்றோல் போதிய அளவு பாயாது. பம்போ, அழுத்தம் ஏற ஏறக் குறைவாகவே ஊற்றும் இயல்புடையது. மிகுதியாகத் தேவைப்படும் அதே கணத்தில்தான் அது களைத்துப் போகிறது.

இதனை அறிந்தே இளைஞர் பெரிய இன்ஜெக்ரர்களையும், மணிக்கு 255 லீற்றர் தரும் என்று விற்கப்பட்ட பம்பு ஒன்றையும் வாங்கினார். பம்பு இணையத்தில் அறியாத ஒருவரிடமிருந்து மலிவாகக் கிடைத்தது. பேர்பெற்ற நிறுவனமொன்றின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அது போலி என்பது எல்லாம் முடிந்த பின்னரே தெரிய வந்தது.

2022 கோடையில் ஒருநாள் மகன் தந்தையை ஏற்றிக்கொண்டு கூய வளைகுடா நெடுஞ்சாலையில் நுழைந்தார். நுழைவுப் பாதையில் மூன்றாம் கியரில் மிதித்தபோது தந்தையார் சட்டென்று கையை உயர்த்தினாராம். "தம்பி, காலை எடு. எஞ்சின் தட்டுது." மகன் சிரித்தார். அது புகைக்குழாயின் ஓசை என்றார். மீண்டும் மிதித்தார். "சொன்னாக் கேள். எனக்கு இந்தச் சத்தம் தெரியும்."

எங்ஙனம் தெரியும்? இவ்விடத்தில் நாம் சற்றே பின்னோக்கிப் போக வேண்டும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ் குடாநாட்டிற்குள் பெற்றோலும் டீசலும் வருவது தடைசெய்யப்பட்டது. வீதியில் எஞ்சியவை துவிச்சக்கர வண்டிகளும் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களுமே. ஒஸ்ரின் சொமசெற், கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்று முந்திய தலைமுறை வாங்கி வைத்த கார்கள் அப்போது உயிர்பெற்றன. காரணம் அவற்றின் முதுமை. காற்றைக் குறைவாக அமுக்கும் பழைய எஞ்சின்களாதலால் மட்டமான எரிபொருளையும் அவை சகித்தன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலால் சிறு போத்தலில் பொன்னைப் போல் காத்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். சேலைன் ஏற்றும் மெல்லிய குழாய்க்கும் அக்காலத்தில் இந்த வேலை வந்து சேர்ந்தது. பின்னால் எழும் வெண்புகையின் நெடியை அதன் பின்னே சைக்கிள் மிதித்தவர் எவரும் இன்றும் மறந்திரார்.

பம்புகளும் அக்கார்களில் எளியவை. ஒஸ்ரினில் எஞ்சினே அசைக்கும் இயந்திரப் பம்பு. உள்ளே ஒரு மென்தகடு மேலும் கீழும் ஆடும். மொறிஸ் மைனரில் மின்சாரப் பம்பு. சாவியைத் திருப்பியதும் "டிக், டிக்" என்று அடிக்கும். அடிக்காவிட்டால் திருப்பணையின் பிடியால் மெல்லத் தட்டுவதே வைத்தியம். அது பெரும்பாலும் பலித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மண்ணெண்ணெயின் பெரும் குறை, பொறியிலிருந்து பரவும் சுடர் எட்டுமுன்னரே அது ஆங்காங்கே தானாக வெடித்துவிடுவது. அவ்வேளை உலோகத்தில் சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். பாரம் ஏற்றிச் செல்கையில் அது மிகும். இத்தந்தையார் நோயாளரை ஏற்றிக்கொண்டு இரவில் யாழ் பெரியாஸ்பத்திரிக்கு ஓடிய நாள்கள் பல. எஞ்சின் வழியில் நின்றால் வேறு வாகனம் இல்லை. ஆகவே வாசலுக்கு வரும் ஒவ்வொரு காரையும் காதால் சோதித்து, தட்டும் ஓசை ஓயும்வரை டிஸ்ரிபியூற்றரைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பொறியைப் பிந்த வைப்பது அவர் வழக்கம். வலு குறையும், எஞ்சின் பிழைக்கும். ஐந்தாண்டுகள் அந்த ஓசையோடு வாழ்ந்த காது அது.

ஹ்விடோவ்ரேயில் அவர் கேட்டதும் அதே ஓசைதான். மண்ணெண்ணெயில் எரிபொருளின் மட்டம் காரணம். இங்கே எரிபொருளின் பஞ்சம் காரணம். போலிப் பம்பு நான்கு பார் அழுத்தத்தில் தேவையானதைத் தரவில்லை. கலவை வறண்டது, குளிரூட்ட ஆளில்லை, சிலிண்டரின் ஓரத்தில் எஞ்சிய கலவை தானாக வெடித்தது. இவ்வெஞ்சினில் தட்டும் ஓசையை உணரும் கருவி உண்டு. ஆனால் அது கட்டுப்படுத்தக்கூடிய எல்லையைக் கூட்டிய காற்றழுத்தம் கடந்துவிட்டது. மூன்று வாரங்களின் பின் எஞ்சின் நீலப்புகை கக்கி நின்றது. திறந்து பார்த்தபோது மூன்றாம் சிலிண்டரின் பிஸ்ரன் ஓரம் மெழுகுபோல் உருகியிருந்தது. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். கலப்புலோகம் அதற்கும் முன்னரே. எரியும் வாயுவோ 2000 பாகைக்கு மேற்பட்டது.

திருத்தச் செலவு நாற்பதாயிரம் குரோனரைத் தாண்டியது. "நான் சொன்னேன்" என்று தந்தையார் ஒரு முறையும் சொல்லவில்லையாம். அதுவே தமக்கு அதிகம் சுட்டது என்று மகன் எம்மிடம் கூறினார்.

இம்முறை வேலை வேறு விதமாக நடந்தது. பம்பு பெயருள்ள கடையில், பற்றுச்சீட்டுடன் வாங்கப்பட்டது. பழைய போலியைப் பக்கத்தில் வைத்துக் காட்டினர்: எடை குறைவு, எழுத்துகள் மங்கல், வார்ப்பில் பிசிறு. முதலில் பம்பின் பியூசைக் கழற்றி, எஞ்சினை அது தானே நிற்கும்வரை ஓடவிட்டுக் குழாயின் அழுத்தத்தைத் தணித்தனர். பின் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றினர். கராஜின் கதவு முழுதும் திறந்திருந்தது. மின்விளக்கு எதுவும் தாங்கியின் வாயருகே கொண்டுவரப்படவில்லை. தீயணைக்கும் குப்பி கையெட்டும் தூரத்தில் நின்றது. பெற்றோலைவிடப் பெற்றோலின் ஆவியே ஆபத்தானது. காற்றைவிடப் பாரமானதால் அது நிலத்தில் தவழ்ந்து நெருப்பைத் தேடிச் செல்லும். குடியிருப்புகளின் நிலக்கீழ்க் கார்த்தரிப்பிடங்களில் இவ்வேலையைச் செய்யும் இளைஞரைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். அது ஒருபோதும் கூடாது.

நம்மவர் பலர் தவறும் இடம் ஒன்றைத் தந்தையார் விரல்தொட்டுக் காட்டினார். தாங்கிக்குள் பம்பையும் மேல்மூடியையும் இணைக்கும் ஒரு சாண் ரப்பர்க் குழாய்தான் அது. வெளியே பூட்டும் பெற்றோல் குழாய் உள்ளே பெற்றோல் படுவதைத் தாங்கும். உள்ளும் புறமும் பெற்றோலில் மூழ்கிக் கிடப்பதைத் தாங்காது. ஊதி, மென்மையாகி, நாளடைவில் கழன்றுவிடும். மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்த குழாய் தனியாக உண்டு; விலை பல மடங்கு. 2020 முதல் டென்மார்க்கில் 95 ஒக்டேன் பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலந்திருப்பதால் பழைய கார்களின் பழைய ரப்பர் மேலும் விரைவாகக் கெடக்கூடும்.

மின்னிணைப்பு மகனின் பங்கு. முப்பதாண்டுப் பழைய மெல்லிய வயரின் வழியே பம்புக்கு எட்டும் மின்னழுத்தத்தை அளந்தபோது, எஞ்சின் ஓடும் வேளையிலும் பன்னிரண்டு வோல்ற்றுக்குக் குறைவாகவே இருந்தது. பம்பின் அளவுகள் பொதுவாகப் பதின்மூன்றரை வோல்ற்றில் கணக்கிடப்பட்டவை. ஆகவே பற்றரியிலிருந்து நேரே தடித்த வயரும், அதன் தொடக்கத்திலேயே பியூசும், பழைய வயர் இயக்கும் றிலேயும் பூட்டினார். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். அதற்காகவே பழைய வயரின் கட்டளை கைவிடப்படவில்லை. இறுதியாக அழுத்தமானி. பெரிய பம்பு அளவுக்கு மீறி ஊற்றினால், திரும்பிச் செல்லும் குழாய் திணறி, எஞ்சின் சும்மா ஓடும்போது அழுத்தம் உயர்ந்துவிடும். அப்படி நேரவில்லை. ஊசி மூன்று பாரில் நின்றது.

பெற்றோருக்கு ஒரு செய்தி. 2021 மார்ச் 31 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, இருநூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டுபவர், அல்லது நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் அனுமதித்ததன் இருமடங்கைக் கடப்பவர், ஓட்டிய வாகனத்தை இழக்க நேரும். அது யாருக்குச் சொந்தமென்பது பெரும்பாலும் அதனைக் காக்காது. காப்புறுதி மலிவாகும் என்பதற்காகத் தந்தையின் பெயரில் பதிவான கார்கள் நம்மிடையே பல. வலு கூட்டிய காரைப் பரிசோதனை நிலையத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் மறைத்து ஓட்டினால், விபத்து நாளில் வரும் கடிதமும் அப்பெயருக்கே வரும். இவ்விளைஞர் காரைத் தம் பெயருக்கு மாற்றி, மாற்றங்களை ஆவணத்துடன் காட்டிவிட்டார். முழு வலுவில் ஓட்டுவதை ஓட்டத்திடலுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்.

மாலை நான்கு மணிக்குச் சாவி திரும்பியது. பின்பெட்டியிலிருந்து வண்டு ரீங்கரிப்பதைப் போன்ற மெல்லிய ஒலி. தந்தையார் குனிந்து காதைக் கொடுத்தார். எஞ்சின் சூடேறும்வரை எவரும் பேசவில்லை. பின்பு அவர் முன்னிருக்கையில் ஏறி வாரைப் பூட்டிக்கொண்டு, "சரி, மெல்லமா எடு, கேட்பம்" என்றார்.