கொங்கு நாட்டுச் சுண்ணாம்புக்கல் குவாரிகள்: குகை ஆய்வும் நுழைவுரிமையும்

இயற்கையாக உருவான குகைகளுக்குள் இறங்கி, அவற்றை அளந்து, வரைபடமாக்குவது குகை ஆய்வு எனப்படும். உலகின் நீண்ட குகைகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புக்கல்லில் அமைந்தவை. அதனால் பல நாடுகளில் குகை ஆய்வாளர்களும் குவாரிக்காரர்களும் ஒரே நிலத்தில் சந்திக்கிறார்கள். குவாரி வெட்டும்போது புதிய குகைவாய் திறப்பதுண்டு; குவாரி விரியும்போது குகையே அழிவதும் உண்டு.

கொங்கு நாட்டிலும் சுண்ணாம்புக்கல் உண்டு. கோவை மாவட்டத்தின் மதுக்கரை, சேலம் மாவட்டத்தின் சங்ககிரி ஆகிய ஊர்களின் சிமெண்ட் ஆலைகள் அதை நம்பி எழுந்தவை. ஆனால் இங்கே கல் எடுத்தபின் எஞ்சியிருப்பவை திறந்த குழிகள். மக்கள் வழக்கில் அவை 'பாறைக்குழி'. அவற்றை அணுக விரும்பும் மாணவர் முதலில் அறிய வேண்டியது, குழிக்கு இன்று யார் பொறுப்பு என்பதையே.

இங்கே குகைகள் ஏன் அரிது?

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் இறங்கிக் கல்லைக் கரைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் விரிசல் சுரங்கவழியாகிறது. இதற்குத் தடித்த கல்லடுக்கும் நிறைந்த மழையும் வேண்டும். மேகாலயத்தின் சோரா என்னும் சிரபுஞ்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 மி.மீ. மழை பெய்கிறது. மலை மறைவில் உள்ள கோவை நகரில் பெய்வது பொதுவாக 700 மி.மீ.க்கும் குறைவு.

கல்லும் வேறு. மதுக்கரைப் பகுதியில் கிடைப்பது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய படிகச் சுண்ணாம்புக்கல். கடினமான பாறைகளுக்கு இடையே அது பட்டைபட்டையாகச் செல்கிறது. நீண்ட குகைகள் உருவாக இது ஏற்ற அமைப்பு அன்று.

கொங்கு நாட்டின் பெயர்பெற்ற குகைகளோ பாறை ஒதுக்குகள். இசை எழுத்துகள் பொறித்த அறச்சலூர்க் குகை, சேரர் கல்வெட்டுகள் உள்ள புகழூர் ஆறுநாட்டார்மலை, பழைய பாறை ஓவியங்கள் உள்ள குமிட்டிபதி ஆகியவை இவ்வகையின. குமிட்டிபதியில் வந்துபோனவர்கள் தம் பெயர்களைக் கிறுக்கி ஓவியங்களைச் சிதைத்திருக்கிறார்கள். பொறுப்பாளர் இல்லாமல் திறந்து கிடக்கும் இடத்துக்கு என்ன நேரும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

வெட்டும் முறையிலும் வேறுபாடு உண்டு. இங்கிலாந்தின் பாக்ஸ் என்ற ஊரில் கட்டடக் கல்லுக்காகச் சுண்ணாம்புக்கல்லை நிலத்தடியில் குடைந்து எடுத்தார்கள். அந்தச் சுரங்கங்களுக்குள் இன்று ஆய்வாளர்கள் நுழைகிறார்கள். கொங்கு நாட்டிலோ மேலிருந்து படிப்படியாக வெட்டி இறங்கும் திறந்தவெளிச் சுரங்கமே வழக்கம்.

மதுக்கரை

மதுக்கரையில் சிமெண்ட் ஆலை 1934-இல் தொடங்கப்பட்டது. 1936-இல் பத்து நிறுவனங்கள் இணைந்து ஏ.சி.சி. உருவானபின் அது அந்நிறுவனத்தின் ஆலையானது. ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில், காட்டை ஒட்டி இருக்கிறது. மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் இடையே ரயில் மோதி யானைகள் பல இறந்துள்ளன. அதைத் தடுக்கச் செயற்கை நுண்ணறிவு கொண்டு எச்சரிக்கும் கேமராக் கோபுரங்களைத் தமிழ்நாடு வனத்துறை 2024 பிப்ரவரியில் இயக்கத் தொடங்கியது. எனவே இப்பகுதியில் ஓர் ஒற்றையடிப் பாதை பட்டா நிலம், குத்தகை நிலம், காப்புக்காடு ஆகிய மூன்றையும் கடந்து போகக்கூடும்.

ஒரே இடம், பல உரிமைகள்

முதலாவது, மேற்பரப்பு நிலம். அது தனியார் பட்டாவாகவோ அரசுப் புறம்போக்காகவோ இருக்கலாம்.

இரண்டாவது, கனிமம். சுண்ணாம்புக்கல் முதன்மைக் கனிமம்; 1957-ஆம் ஆண்டுச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின்கீழ் குத்தகை பெற்றவரே அதை வெட்டலாம். கட்டடத்துக்கான சாதாரணக் கல்லோ சிறு கனிமம். அதற்குத் தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். மலபாரின் ஜன்ம நிலங்கள் தொடர்பான வழக்கில், நிலத்தடிக் கனிமம் நில உரிமையாளருக்குரியது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியது. ஆனாலும் வெட்டுவதற்கு அரசின் அனுமதி வேண்டும்.

மூன்றாவது, வேலை நடக்கும் இடம். இயங்கும் சுரங்கத்துக்கு 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி ஒரு மேலாளர் இருப்பார். அவர் அனுமதியின்றி யாரும் நுழையக் கூடாது. காப்புக்காட்டுக்கு வனத்துறையின் அனுமதி தேவை.

வேலை நின்றபின்

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை மூடுமுன் குத்தகையாளர் இறுதி மூடல் திட்டம் அளித்து நிறைவேற்ற வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டுக் கனிமப் பாதுகாப்பு விதிகள். கைவிடும் குழிக்கு வேலி போன்ற காப்பும் சட்டம் கேட்கிறது. தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது.

பழைய குழிகள் பல இந்த விதிகளுக்கு முற்பட்டவை. குத்தகை முடிந்திருக்கும், வெட்டியவர் போயிருப்பார், குழியில் நீர் நிறைந்திருக்கும். கோடை விடுமுறையில் குளிக்கப் போன சிறுவர்கள் மூழ்கிய செய்தி கொங்கு வட்டாரத்துக்குப் புதிதன்று. குளத்தைப் போலப் பாறைக்குழிக்குச் சரிவான கரை கிடையாது. ஓரடி தாண்டினால் பல அடி ஆழம். வெடிவைத்துத் தளர்ந்த கல் மேலிருந்து உருளவும் கூடும். திருப்பூர் வட்டாரத்தில் இத்தகைய குழிகள் குப்பை கொட்டும் இடங்களாகி, நிலத்தடி நீர் கெடும் என்று மக்கள் போராடியதும் உண்டு.

மேகாலயா காட்டும் வழி

மேகாலயத்தில் நிலம் பெரும்பாலும் குலங்களுக்கும் ஊர்களுக்கும் தனியாருக்கும் சொந்தம். 1992 முதல் மேகாலயா சாகசக்காரர் சங்கம் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து அங்குள்ள குகைகளை அளந்து வருகிறது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, உள்ளூர் வழிகாட்டிகளுடன் நுழைவது அங்கு வழக்கம். சுரங்கத் தொழிலிலிருந்து குகைகளைக் காக்கக் கோரி அச்சங்கம் உச்ச நீதிமன்றத்தையும் நாடியது.

சோராவுக்கு அருகே, சுண்ணாம்புக்கல் வெட்டும் பகுதியிலேயே 7 கி.மீ. நீளமுள்ள மாவ்ம்லூ குகை இருக்கிறது. அதில் வளர்ந்த ஒரு கசிதுளிப் படிவம், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் மழை குறைந்ததைப் பதிவுசெய்திருந்தது. அதை அடையாளமாகக் கொண்டு 2018-இல் புவியியல் காலவரிசையில் 'மேகாலயக் காலம்' என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. குவாரிக்கு அருகே உள்ள ஒரு பொந்து உலகக் காலக்கணக்கின் அளவுகோலாயிற்று. அளந்து பதிவு செய்யப்படாத குகைக்கு இப்படி வாதாட ஆள் கிடைப்பதில்லை.

செல்லும் முன்

சர்வே எண்ணைக் கண்டறிந்து பட்டா, சிட்டா விவரங்களைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம். குத்தகை நடப்பில் உள்ளதா என்பதை மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகம் சொல்லும். இயங்கும் சுரங்கம் என்றால் கல்லூரித் துறையின் கடிதத்துடன் மேலாளரை அணுகி, அவர் குறிக்கும் நேரத்தில், தலைக்கவசத்துடன் செல்ல வேண்டும். நீர் நிறைந்த குழியில் இறங்கக் கூடாது. விளிம்பிலிருந்து விலகி நின்று பார்ப்பதே பாதுகாப்பு.

அனுமதி கேட்பதை வெறும் சம்பிரதாயமாகக் கருதக் கூடாது. ஒருவரிடம் கேட்கும்போது, அந்த இடத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார் என்பது பதிவாகிறது. கேட்க ஆளே அகப்படாத பாறைக்குழி இருந்தால், அதன் சர்வே எண்ணோடு ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து வேலி கேட்கலாம். கொங்கு நாட்டில் குழிகளைத் தேடிச் செல்லும் மாணவர் ஊருக்குச் செய்யக்கூடிய உதவிகளில் அது முதன்மையானது.