அன்இன்ஸ்டால் பண்ணியாச்சு, மிச்சத்தை என்ன பண்றது?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னிக்கு எபிசோடை என்னோட ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

சங்ககிரியில எங்க மாமாவுக்கு ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் இருக்கு. அங்க ஒரு பழைய கம்ப்யூட்டர். வேகமா ஓடட்டும்னு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு நான்தான் மாட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நாள்ல சி டிரைவ் நிரம்பி சிவப்பாயிடுச்சு. மறுபடியும் என்னைக் கூப்பிட்டாங்க.

ஆபீஸ்ல புது கணக்கு மென்பொருளுக்கு மாறியிருந்தாங்க. அதனால பழசை அன்இன்ஸ்டால் பண்ணினேன். அப்புறம் பார்த்தா அதோட பேர்ல ஒரு ஃபோல்டர் அப்படியே உட்கார்ந்திருக்கு. ‘புரோகிராமே போயாச்சு, இது எதுக்கு’ன்னு ஷிஃப்ட் டெலிட் அடிச்சேன்.

அடுத்த வாரம் ஆடிட்டர் பழைய வருஷத்து லோடு கணக்கு கேட்டார். அது இருந்தது அந்த ஃபோல்டர்லதான். மாமா திட்டவே இல்லை. “ஏன் மாப்ள, ஆயுத பூஜைக்குத் தொடைக்கிற மாதிரி தொடைச்சுட்டியே”ன்னு மட்டும் சொன்னார். அது திட்டினதைவிட மோசமா இருந்துச்சு.

மீட்பு மென்பொருள் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் வரலை. பழைய ஹார்டு டிஸ்க்ல அழிச்ச ஃபைல் மேல வேற எதுவும் எழுதப்படாத வரைக்கும் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில டிரிம்னு ஒரு வசதி இருக்கு. ‘இந்த இடம் இனி வேண்டாம்’னு விண்டோஸ் சொன்னதும், டிரைவ் அதைத் துடைச்சு வச்சுக்கும். கடைசியில ஒரு பழைய பென் டிரைவ்ல பாதிக் கணக்கு கிடைச்சுது. மீதியை பில் புக்கைப் பார்த்து ஆறு சாயங்காலம் உட்கார்ந்து தட்டச்சு பண்ணினேன்.

ஏன் மிச்சம் வைக்குது?

ஒரு மென்பொருளை நிறுவும்போது, எந்தெந்த ஃபைலை எங்க வச்சோம்னு ஒரு பட்டியல் உருவாகும். அன்இன்ஸ்டால் பண்ணும்போது பெரும்பாலும் அந்தப் பட்டியல்ல இருக்கிறது மட்டும்தான் போகும். நீங்க பயன்படுத்தும்போது பிறகு உருவான ஃபைல்கள் பட்டியல்ல இருக்காது. சிலதை வேணும்னே விட்டு வைப்பாங்க. மறுபடி நிறுவினா பழைய அமைப்பும் தரவும் அப்படியே கிடைக்கணும் இல்லையா?

வாடகை வீட்டைக் காலி பண்ணினவங்க பரண்ல விட்டுட்டுப் போற சாமான் மாதிரிதான். பழைய பேப்பரும் இருக்கும், நிலப் பத்திரமும் இருக்கும். அதனால மிச்சத்தை மூணாப் பிரிச்சுப் பாருங்க. ஒண்ணு, நீங்க உருவாக்கின தரவு: கணக்கு, புராஜெக்ட், கேம் சேவ். இதைத் தொடாதீங்க, முதல்ல நகல் எடுங்க. ரெண்டு, அமைப்புகள். சின்னது, இருந்தாலும் தொந்தரவில்லை. மூணு, கேஷும் தற்காலிக ஃபைல்களும். இடத்தை அடைக்கிறது பெரும்பாலும் இதுதான்.

எங்க தேடறது?

விண்டோஸ்ல, விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்க. வர்ற பெட்டியில ஆப்டேட்டா, லோக்கல்ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா மூணையும் ஒவ்வொண்ணா அடிச்சுப் பாருங்க. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் சதவீதக் குறி வேணும், நடுவுல இடைவெளி கூடாது. இதோட புரோகிராம் ஃபைல்ஸ், டாக்குமென்ட்ஸ் ரெண்டையும் ஒரு பார்வை பாருங்க. மேக்ல ஆப்பைக் குப்பைத் தொட்டிக்கு இழுத்துட்டாலும், லைப்ரரிக்குள்ள அப்ளிகேஷன் சப்போர்ட், கேஷஸ் ஃபோல்டர்கள்ல மிச்சம் இருக்கும். உபுண்டு மாதிரி லினக்ஸ்ல ‘ரிமூவ்’ கொடுத்தா பொது அமைப்பு ஃபைல் தங்கும், ‘பர்ஜ்’ கொடுத்தா அதுவும் போகும். ஆனா உங்க ஹோம் ஃபோல்டர்ல இருக்கிறதை ரெண்டுமே தொடாது.

சந்தேகமான ஃபோல்டரை உடனே அழிக்காதீங்க. பேருக்குப் பின்னால ‘பழசு’ன்னு சேர்த்துப் பேரை மாத்திட்டு ஒரு மாசம் விடுங்க. யாரும் எதுவும் கேட்கலைன்னா, ரீசைக்கிள் பின் வழியா அனுப்புங்க. ஷிஃப்ட் பட்டன் பக்கம் விரல் போக வேண்டாம்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் வேணுமா?

வேண்டாம். அங்க மிஞ்சி நிற்கிற சில வரிகளை நீக்கினா கம்ப்யூட்டர் வேகமாகும்னு எதிர்பார்க்காதீங்க. தப்பான வரியை நீக்கினா விண்டோஸே எழுந்திருக்காம போகலாம். இந்த மாதிரி கிளீனர்களைத் தாங்க ஆதரிக்கிறதில்லைன்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. அவங்களோட சொந்த இன்ஸ்டாலர் கிளீனப் கருவியையே, மத்த மென்பொருளைக் கெடுக்குதுன்னு 2010-ல திரும்ப வாங்கிக்கிட்டாங்க. 2017-ல சிசிகிளீனரோட ஒரு பதிப்புக்குள்ள ஹேக்கர்கள் தீம்பொருளை நுழைச்சாங்க. சுமார் 22.7 லட்சம் பேர் கம்ப்யூட்டர்ல அந்தப் பதிப்பு இருந்துச்சு. இடம்தான் பிரச்சினைன்னா, விண்டோஸ் செட்டிங்ஸ்ல சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போதும். அங்கேயும் டவுன்லோட்ஸ்னு ஒரு கட்டம் இருக்கும், டிக் பண்றதுக்கு முன்னாடி யோசிங்க.

லேப்டாப்பை விற்கப் போறீங்களா?

இங்க ஆபத்து தலைகீழா வரும். குரோமை நீக்கும்போது ‘உலாவல் தரவையும் அழிக்கவா’ன்னு ஒரு சின்னக் கட்டம் கேட்கும். டிக் பண்ணலைன்னா, நீங்க சேமிச்ச பாஸ்வேர்டு உள்பட எல்லாம் லோக்கல்ஆப்டேட்டாவுலயே தங்கிடும். காலேஜ் முடிச்சதும் அரசு கொடுத்த மடிக்கணினியைத் தம்பிக்கோ தெரிஞ்சவங்களுக்கோ கொடுக்கிறோமே, அப்பவும் இதேதான். ஒவ்வொரு மென்பொருளா நீக்கிட்டு இருக்காதீங்க. நகல் எடுத்துட்டு, ரீசெட் வசதியில ‘ரிமூவ் எவ்ரிதிங்’ எடுத்து, டிரைவைத் துடைக்கிற தேர்வையும் போடுங்க.

கடைசியா ஒண்ணு. அன்னிக்கு நான் அழிச்ச அந்த ஃபோல்டரால மிச்சமான இடம் ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுகூட இல்லை. சி டிரைவை உண்மையில அடைச்சுக்கிட்டு இருந்தது டவுன்லோட்ஸ்ல கிடந்த வாட்ஸ்அப் வீடியோக்கள். மாமா ஆபீஸ்ல இப்போ வாரம் ஒருமுறை வெளி டிரைவ்ல நகல் எடுக்கிறாங்க. அழிக்கிற வேலை வந்தா மட்டும், “மாப்ள, நீ சொல்லு, நான் அழிக்கிறேன்”ங்கிறார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.