வாடகைக்கா, விற்பதற்கா? அடுக்குமாடி வீடு வாங்கும் முன்...

வளைகுடா வெயிலில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைக் கொண்டு சென்னையிலோ திருச்சியிலோ ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கிப் போட எண்ணாத குடும்பம் நம்மில் அரிது. அமெரிக்க முதலீட்டாளர்கள் இத்தகைய கட்டடங்களை வயது, இடம், வசதி ஆகியவற்றைக் கொண்டு 'ஏ', 'பி', 'சி' என வகுப்பர். புதியது ஏ, பழையதும் பழுதுச் செலவு மிகுந்ததும் சி. நம் ஊரிலோ முதலில் காண வேண்டியது நிலத்தின் பங்கு.

ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் ஒரே அளவான 6 வீடுகள் இருப்பின், வீட்டுக்கு 400 சதுர அடி பிரிபடாத பாகம் கிடைக்கும். 12 வீடுகள் எழுந்தால் 200தான். கட்டடம் தேயும், நிலம் தேயாது. ஆகவே பளபளக்கும் புது வீட்டைவிட, நிலப்பங்கு மிகுந்த பழைய வீடு சில வேளை மேலானது. விளம்பரம் கூறும் சதுர அடியில் மாடிப்படியும் நடைபாதையும்கூடச் சேர்ந்திருக்கலாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி 'கார்ப்பெட் ஏரியா' எவ்வளவு என்று கேளுங்கள்.

இவற்றையெல்லாம் துருவித் துருவிக் கேட்கும் நம்மவர், மார்க்கம் செய்யும் பிரிவை மட்டும் மறந்துவிடுகின்றனர். குடியிருக்கவோ வாடகைக்கு விடவோ வாங்கிய வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை. வாடகைப் பணம் செலவு போக மிஞ்சி, கையிலுள்ள பிற பணத்துடன் நிஸாபை எட்டி, ஓராண்டு நிறைவுற்றால் அதற்கே ஜகாத். மாதம் 15,000 ரூபாய் வாடகை முழுவதும் மிஞ்சினாலும், 1,80,000 ரூபாய்க்கு 4,500 ரூபாய்தான்.

விலை ஏறியதும் விற்பதற்கென்றே வாங்கிய வீடு வணிகச் சரக்காகும். ஆண்டுதோறும் அன்றைய சந்தை மதிப்பில் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கூற்று. 50 இலட்ச ரூபாய் வீட்டுக்கு 1,25,000 ரூபாய்! வீடு ஒன்றே, நிய்யத் வேறு.

வாடகைக்குப் பதிலாகப் பெருந்தொகை பெற்று ஒத்திக்கு விடுவோரும் உண்டு. கடனுக்கு ஈடாகப் பயன் துய்ப்பது வட்டியாகும் என உலமாக்கள் பலர் தடுக்கின்றனர்.

குடியிருக்க வாங்கிய வீட்டைப் பின்னர் விற்க நினைத்தால்? ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் வாங்கியபோது கொண்ட நிய்யத்தே கணக்கு. விற்றுப் பணம் கைக்கு வரும் வரை வணிகப் பொருளாகாது. எனவே பத்திரம் பதியும் நாளிலேயே நோக்கத்தை இல்லத்தரசியிடம் கூறி, நாட்குறிப்பில் எழுதி வையுங்கள்.