இருமலுக்கும் ஒரு காலண்டர் உண்டு

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில் சுமார் 30 கிலோமீட்டர். அதற்குள் நாலு தடவை இருமிப் பாருங்கள், ஐந்து வைத்தியம் இலவசம்! முன் ஸீட் பாட்டி ஆடாதோடை என்றார். கடலைக்காரர் மிளகு என்றார். கண்டக்டர், "மெடிக்கல்ல கேளுங்க சார், மூணு நாளைக்கு மாத்திரை குடுப்பான், சட்டுனு நின்னுடும்" என்றார். எனக்கு அன்று ஒன்பதாம் நாள்.

சளி பிடித்த கையோடு மூச்சுக்குழாய்கள் வீங்கி வரும் இந்த இருமலுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'அக்யூட் பிராங்கைடிஸ்'. பத்தில் ஒன்பதுக்கு மேல் வைரஸின் கைங்கரியம். ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. வைரஸ் அதைச் சட்டையே செய்யாது. சளி மஞ்சளாக, பச்சையாக வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

பிறகு கண்டக்டர் சொன்ன மாத்திரை எப்படிக் 'கேட்கிறது'? பி.காம். படித்தவனுக்குக் கணக்குதானே வரும், சொல்கிறேன். இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று அமெரிக்காவில் ஜனங்களைக் கேட்டார்கள். 7 முதல் 9 நாள் என்றார்கள். ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால் சராசரி சுமார் 18 நாள்! 2013-ல் வெளிவந்த கணக்கு இது. இடையே ஒன்பது, பத்து நாள் துண்டு விழுகிறதே, அங்கேதான் வியாபாரம். பத்தாம் நாள் மாத்திரை, பதினைந்தாம் நாள் இருமல் குறைவு, வரவு மாத்திரையின் பேரில். தானாகப் போன இருமலுக்கு யார் ரசீது போடுவது?

ஓய்வு, வெந்நீர், ஒரு ஸ்பூன் தேன் போதும் பலருக்கு. (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது.) பீடி, சிகரெட் வேண்டாம். அரியலூர்க்காரர்கள் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் போகும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளலாம். புண்பட்ட குழாய்க்குப் புழுதி ஆகாது.

குழந்தைகளுக்கு சிரப் ஊற்றும் தாய்மார்கள் 2025 அக்டோபரை மறக்கக்கூடாது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. குடித்த 'கோல்ட்ரிஃப்' சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பரிசோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48 சதவீதத்துக்கு மேல்! இரண்டு வயதுக்குள் இருமல் மருந்தே தரக்கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது அப்போதுதான்.

அதற்காகப் பதினெட்டு நாள் கணக்கைச் சொல்லிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடாதீர்கள். மூச்சுத் திணறல், சளியில் ரத்தம், விடாத காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டர். வேறு தொந்தரவே இல்லாவிட்டாலும் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை அவசியம். பெரம்பலூர் அரசு மருத்துவமனையானாலும், 2022-ல் வந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியானாலும் பைசா செலவில்லை. காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியாகக் கொடுங்கள். வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் மறுநாளும் டப்பாவோடு அலையவேண்டி வரும்.