ஷூ இல்லாவிட்டால் ஆட முடியாதா?

குட்டீஸ்! நெய்வேலியில் சுரங்க வேலைக்குப் போகிறவர்களின் காலணியைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் முன்பக்கம் கெட்டியாக இருக்கும். கனமான பொருள் விழுந்தாலும் விரல் நசுங்காது. அது இல்லாமல் சுரங்கத்தில் இறங்கக் கூடாது.

கோல்ஃப் வீரர்களுக்கும் தனி ஷூ உண்டு. ஏன் தெரியுமா? மட்டையை வேகமாகச் சுழற்றும்போது உடம்பும் சேர்ந்து திரும்பும். ஈரப் புல்லில் கால் வழுக்கினால் பந்து திசை மாறிவிடும். அதனால் ஷூவின் அடியில் சிறு முட்கள் வைத்தார்கள். உலோக முட்கள் புல்தரையைக் கிழித்ததால், 1990களில் பிளாஸ்டிக் முட்கள் பரவின.

ஆனால், அந்த ஷூ கட்டாயம் என்று கோல்ஃப் விதியில் இல்லை. அமெரிக்காவின் சாம் ஸ்னீட் சிறு வயதில் வெறுங்காலுடன் ஆடிப் பழகியவர்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் கால்பந்து வீரர்கள் பலர் வெறுங்காலுடன் பிரான்ஸை எதிர்த்து ஆடினார்கள். 1-2 என்றுதான் தோற்றார்கள்!

நான் ஆசிரியராக இருந்தபோது, "ஷூ இல்லை சார்" என்று ஒரு மாணவன் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. "பரவாயில்லை, ஓடுடா" என்று சொல்லத் தவறிவிட்டேன். இன்றும் மனசு உறுத்துகிறது.

சுரங்கத்தில் காலணி கட்டாயம். விளையாட்டில் அது ஓர் உதவி. அது இல்லையே என்று ஒதுங்காமல் நாளைக்கே பெயர் கொடுங்கள், செல்லங்களே!