உங்களுக்குத் தெரியுமா? பட்டுநீர் புதிதல்ல

காட்டோடையைப் பட்டுத்துணிபோல் காட்டும் படம் டிஜிட்டல் காலத்து ஜோடனை அல்ல; புகைப்படக் கலைக்கு முதலில் கைவந்த ஓடும் நீரே அப்படித்தான் இருந்தது.

1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ் அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கை 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். ஒளி பதிய நொடிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. அசையாத பாறை கூர்மையாகப் பதிந்தது. விழுந்துகொண்டே இருந்த அருவி வெண்மையாய்க் கலந்து படர்ந்தது. வேகமான தகடுகளும் ஷட்டர்களும் வந்த பிறகே நீர்த்துளிகளை உறையவைக்க முடிந்தது.

‘கண் அப்படிப் பார்ப்பதில்லையே’ என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அந்தரத்தில் நிற்கும் துளியையும் கண் பார்ப்பதில்லை. இரண்டுமே காலத்தின் துண்டுகள்தான். நீளமான துண்டில் நீரின் தடம் தெரிகிறது: சுழலில் சிக்கிய நுரை வட்டமே வரைந்துவிடுகிறது. இன்றைய கேமராவில் அந்த நீளமான துண்டைப் பெற, லென்ஸுக்கு முன் பொருத்தி ஒளியைக் குறைக்கும் இரண்டு ஃபில்டர்கள் உதவும்:

• 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியையே உள்ளே விடும். 1/60 நொடி ஷட்டர் நேரம் சுமார் 17 நொடியாக நீளும்.
• போலரைசர் ஈர இலை, பாறைகளின் பளபளப்பைக் குறைக்கும். ஒளியையும் குறைப்பதால் ஷட்டர் நேரம் மேலும் கூடும்.