செகண்ட் ஹேண்ட் எக்ஸ்எல்: வாங்கியதும் கையில் எடுக்க வேண்டிய ஸ்பேனர்

அண்ணனூர் கார் ஷெட்டுக்குள் போகிற மின்சார ரயில்களில் பெரும்பாலானவை பழுதாகிப் போவதில்லை. முறை வந்துவிட்டது என்பதால் போகின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் குறித்த நாளில் ஷெட்டுக்கு வந்தாக வேண்டும். பிரேக்கையும் சக்கரத்தையும் பார்த்த பிறகுதான் மறுபடி தண்டவாளம். அந்த ஷெட்டைத் தாண்டிப் போகிற எக்ஸ்எல் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. இரண்டு தண்ணீர் கேனையும் ஒரு அரிசி மூட்டையையும் சுமந்துகொண்டு, என்றைக்கு நடுத்தெருவில் நிற்கிறதோ அன்றைக்குத்தான் அதற்கு வைத்தியம்.

பழைய எக்ஸ்எல் வாங்குகிறவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். விற்றவர் "போன மாசம்தான் சர்வீஸ் பண்ணேன்" என்று சொல்வார். சொல்லட்டும். இதுவரை யாருமே வண்டியைத் தொட்டதில்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு.

1980இல் ஒசூர் ஆலையிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. மொபெட்டில் இரண்டு பேர் போகலாம் என்பதே அன்றைக்குப் புதுமை. அதன் வழியில் வந்த எக்ஸ்எல் சூப்பர், 69.9 சிசி டூ ஸ்ட்ரோக். 2015இல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. புகை விதிகள் இறுக இறுக டூ ஸ்ட்ரோக் விடைபெற்றது. இங்கே சொல்லப்போவது அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியைப் பற்றி. வீட்டு வாசலில் உட்கார்ந்து நாமே பார்த்துக்கொள்ள அதைவிடத் தோதான எஞ்சின் இல்லை. வால்வு கிடையாது, கியர் மாற்றும் வேலை கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது.

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா, கடன் பாக்கி என்று பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். 2010இல் பதிவான வண்டிக்கு 2025இலேயே புதுப்பித்திருக்க வேண்டும். செய்யாத வண்டி என்றால் அந்தச் செலவும் பசுமை வரியும் உங்கள் தலையில் விழும். அடுத்தது, வண்டி வெள்ளத்தில் கிடந்ததா என்பது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஆவடி, அம்பத்தூர் பக்கம் எத்தனையோ வாசல்களில் வண்டிகள் மூழ்கி நின்றன. துடைத்து பாலிஷ் போட்டால் வெளியே தெரியாது. ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள், சேறு படிந்த கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

இனி வேலை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு கலந்து போகும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயவு. கலவை முதலில் கிராங்க் இருக்கும் கீழ் அறைக்குப் போகிறது, அங்கே பேரிங்கை நனைக்கிறது, பிறகு மேலே ஏறி எரிகிறது. ஆக, ஆயில் ஊற்ற மறந்த ஒரு டேங்க் போதும், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். லிட்டருக்கு 20 மில்லி என்பது வழக்கமான அளவு; கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. மூன்று லிட்டர் போட்டால் 60 மில்லி. "கொஞ்சம் கூடப் போட்டா எஞ்சினுக்கு நல்லது" என்பது தவறான எண்ணம். கூடுதல் ஆயில் முழுசாக எரியாமல் கரியாகிறது. பிளக்கை அடைக்கும், சைலன்சரை அடைக்கும், பின்னால் வருகிறவரையும் இரும வைக்கும்.

ஊற்றும் முறையும் முக்கியம். பெட்ரோல் காக்கை மூடுங்கள். ஆயிலை முதலில் ஊற்றி அதன்மேல் பெட்ரோல் பிடியுங்கள். விழுகிற வேகத்தில் கலந்துவிடும். வண்டியை இரண்டு முறை ஆட்டிவிட்டுக் காக்கைத் திறங்கள். திறந்து வைத்தபடி ஊற்றினால் கலக்காத ஆயில் நேராகக் கார்பரேட்டருக்குள் இறங்கும், பிறகு உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும். கிளட்ச் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு. அதையும் வாங்கிய வாரத்திலேயே வடித்து மாற்றிவிடுங்கள். வடிகிற ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

அடுத்து பிளக். இதைப் பார்க்கத் தெரிந்தால் எஞ்சினின் பாதி ஜாதகம் தெரிந்த மாதிரி. சற்று தூரம் ஓட்டி, நிறுத்தி, ஆறியபின் கழற்றுங்கள். முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் ஆயில் கூடுதல், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்துப் போயிருந்தால்தான் பயப்பட வேண்டும்: பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடாக ஓடுகிறது என்று அர்த்தம். ஜெட்டில் தூசி இருக்கலாம், கேஸ்கெட் வழியே காற்று இழுக்கலாம். முனைக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். திரும்ப மாட்டும்போது பாக்ஸ் ஸ்பேனரை உடனே எடுக்காதீர்கள். விரலாலேயே கடைசி வரை சுற்றி, பிறகு ஸ்பேனரால் ஒரு அழுத்து. ஹெட் அலுமினியம், கோணலாக ஏற்றி முறுக்கினால் மறை போய்விடும், பத்து நிமிட வேலை லேத் பட்டறை வரைக்கும் போகும்.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசிப் பிழியாமல் அமுக்குங்கள், நிழலில் காயவிட்டு இரண்டு சொட்டு ஆயில் தடவி மாட்டுங்கள். அண்ணனூர், திருமுல்லைவாயல் பக்கம் ரோடு தோண்டாத மாதம் எது? அந்தப் புழுதியில் ஓடுகிற வண்டிக்கு இதை மாதம் ஒருமுறை செய்யலாம்.

மேட்டில் ஏற மறுக்கிறது, மூட்டை வைத்தால் முக்குகிறது என்றால் உடனே "போர் போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் கரிதான். டூ ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்சர் உள்ளே கரி ஏறி ஏறித் துளை சுருங்கிவிடும். புகை வெளியேற வழியில்லாத எஞ்சினால் புதுக் கலவையை உள்ளே இழுக்க முடியாது. ஆறிய எஞ்சினில் சைலன்சரைக் கழற்றுங்கள். பிளக்கை எடுத்துவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் பிஸ்டன் மேலே வந்து புகைத்துளையை மூடும். மூடிய நிலையிலேயே மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், கரி சிலிண்டருக்குள் விழாது. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பிஸ்டன் அலுமினியம், ஒரு கீறல் விழுந்தால் அது சிலிண்டர் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். சைலன்சருக்குள் இருக்கும் குழாயைத் தனியே எடுத்து இரும்புக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாம். அது இரும்புதான், தாங்கும். திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள். அன்றைக்கு ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த வண்டிகள் செய்யப்பட்ட காலத்தில் அப்படி ஒரு கலவை கணக்கிலேயே இல்லை. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும், பழைய ரப்பரை உப்பவோ விறைக்கவோ செய்யும். பெட்ரோல் டியூபை வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. ஊருக்குப் போகிறீர்கள், பத்துப் பதினைந்து நாள் வண்டி நிற்கும் என்றால் காக்கை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்பரேட்டர் காலியாகிவிடும், ஜெட்டில் பிசின் படியாது.

செயினைக் கீழ்ப்பக்க நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தளர்வு என்றால் செயினும் ஸ்பிராக்கெட்டும் தேய்ந்துவிட்டன, சேர்த்தே மாற்ற வேண்டும். எண்ணெய் விடும்போது எஞ்சின் ஓடக் கூடாது. ஓடுகிற செயினில் துணியை வைத்து விரலை இழந்தவர்கள் மெக்கானிக்குகளிலேயே உண்டு.

தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெல்ல அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள். டேங்க், கார்பரேட்டர், கிளட்ச் பெட்டி மூன்றையும் வடியுங்கள். பிளக் துளை வழியே கொஞ்சம் 2டி ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். பிறகு புதுப் பெட்ரோல், புது ஆயில். இதை அன்றைக்கே செய்ய வேண்டும். ஒரு வாரம் விட்டால் கிராங்க் பேரிங்கில் துரு ஏறிவிடும், அதற்குப் பிறகு எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

பாகங்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது, பழசுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. ஸ்டாண்ட், மட்கார்ட், கேரியர் இவற்றைப் புதுப்பேட்டையில் தாராளமாக வாங்கலாம். பிரேக் ஷூ, கேபிள், செயின் மூன்றையும் பழசாக வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி. பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம்.

கிராங்கில் கடகட சத்தம், போர் தேய்மானம், மேக்னெட் கழற்றுவது: இவை மூன்றும் நம் வேலை இல்லை. மேக்னெட்டுக்குப் புல்லர் வேண்டும், கிராங்குக்குப் பிரஸ் வேண்டும். சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினால் செலவு இரட்டிப்பாகும். அந்த நிலை வந்தால் எஞ்சினைப் பாதி பிரித்து, பாகங்களைக் கோணிப்பையில் போட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோகாதீர்கள். வண்டியை முழுசாகத் தள்ளிக்கொண்டு போங்கள். சத்தத்தைக் கேட்டால்தான் அவரால் எது பழுது என்று சொல்ல முடியும்.